ஜீப்புக்கு அடியில்...

ட்ரிங்... ட்ரிங்...

டெலிபோன் அலறியபோது வெங்கடசுப்ரமணியனின் கையில் எடைக்கல் இருந்தது. காலடியில் பார்ட்னர் அழகியநம்பி கிடந்தார். கண் திறந்தபடி... மூச்சு இல்லாமல்!

1999, ஜூலை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரியசாலையில் மொத்தக் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிக் கிடந்தன. பெருங்காயக் கடையின் பின்கட்டில் இவர்கள் இருவர் மட்டும்.

இப்போது ஒருவன் மட்டும்.

ட்ரிங்... ட்ரிங்...

எடுக்காவிட்டால் பின்தெரு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எடுத்தான்.

"யாரு?"

"சாரே, நான் தாசையன். கரமனை ஒர்க்‌ஷாப்பு. நேத்து நம்மகிட்ட டீசல் ஜீப்பு வாங்கினீங்கல்லா..."

"அதுக்கு இப்ப என்ன ஓய்?"

"வண்டியில ஒரு காரியம் சொல்லாம விட்டுப்போச்சு. அந்த முன்னால உள்ள..."

"எதுவானாலும் நாளைக்குச் சொல்லும். வையும்!"

டொக்.

மறுபடி அடித்தது. வயரையே பிடுங்கிப் போட்டான்.

போன வருஷம் இன்சூரன்ஸுக்காகக் கிடங்கைக் கொளுத்தியது வெங்கு. உள்ளே காவல்காரர் பிச்சைக்கனி தூங்குகிறார் என்று தெரிந்தேதான் கொளுத்தினான். நம்பிக்கு இது தெரியும். ஒரு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர், வெள்ளிக்கிழமை உடைந்துவிட்டார்.

"பிச்சைக்கனி மக கடை வாசல்ல வந்து நிக்கா, வெங்கு. அப்பா எப்படிச் செத்தாருன்னு கேக்கா. எனக்கு உறக்கமே இல்ல. திங்கக்கிழமை போலீசுல சொல்லிரப் போறேன்."

திங்கட்கிழமைக்குள் நம்பி இருக்கக் கூடாது. விதுரைக்கு மேலே, எஸ்டேட் பாதை முடியும் இடத்தில் ஒரு பாதாளப் பள்ளம். அங்கே போக நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும்.

அதற்காகத்தான் சனிக்கிழமை விடியற்காலையிலேயே தாசையனின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றான். முதல் காரியமாக பானட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"எதுக்கு சாரே?"

"முன்கூட்டியே சூடு பண்ணி வெச்சு ஏமாத்தறவா உண்டு. ஆறின எஞ்சின் ஒரே தடவையில ஸ்டார்ட் ஆகணும் ஓய்!"

ஆயிற்று. புகையைப் பார்த்தான்.

"ஆரம்பத்துல கொஞ்சம் கறுப்பா வந்து நின்னா பரவால்ல. நீலமா வந்துண்டே இருந்தா எண்ணெய் குடிக்கறதுன்னு அர்த்தம்."

நீலம் இல்லை. ஓடுகிற எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தான். புகை குப்பென்று வரவில்லை. சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்த்தான். ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்தான். கடைசியாக ஃபோர் வீல் லிவர். இழுத்ததும் 'கிளக்' என்று விழுந்தது.

"விதுரைக்கு மேல எஸ்டேட் பாதை. மழையில படுமோசமா இருக்கும். இழுக்குமா?"

"ஆனை கணக்கா இழுக்கும் சாரே! அடியில படுத்துப் பாக்கணுமா? சாக்கு விரிச்சுத் தாறேன்."

வெங்கு தன் சலவை வேஷ்டியைக் குனிந்து பார்த்தான்.

"வேண்டாம் ஓய். வேஷ்டி அழுக்காயிடும்."

தாசையன் மனசுக்குள் சிரித்தான். அந்த வேஷ்டியைப் பார்த்த தைரியத்தில்தான் சாக்கையே எடுத்தான், படுபாவி!

மத்தியானம்.

எஸ்டேட் பாதையில் மழை கொட்டியது. கிழிந்த கான்வாஸ் வழியாக ஜீப்புக்குள்ளும் கொட்டியது. பின்னால் தார்ப்பாய்க்குள் பெருங்காய மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே நம்பி.

இன்னும் ஒரே ஒரு வளைவு...

சர்ர்ர்ர்!

பின்சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. வெங்கு ஃபோர் வீல் லிவரை இழுத்தான். கிளக். ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

முன்சக்கரங்கள் அசையவே இல்லை!

"சனியனே... இழு!"

இழுக்கவில்லை. நம்பி கனத்த சரீரம். பலகை போட்டு உருட்டித்தான் வண்டியில் ஏற்ற முடிந்தது. தனியாளாகத் தூக்கிக்கொண்டு மேடேற முடியாது. வெங்குவுக்கு அழுகை வந்தது.

அப்போது பின்னால் எஞ்சின் சத்தம்.

திரும்பினான்.

போலீஸ் ஜீப்!

கதவு திறந்தது. இறங்கியது... தாசையன்!

"சாரே! கர்த்தாவு காத்தாரு, உயிரோட இருக்கீங்க!"

"போ... போலீஸ் வண்டியில நீர் எப்படி ஓய்?"

"நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு கிளட்ச் மாத்த வந்ததுதான். ஓட்டிப் பாக்கணும்லா, இந்தப் பக்கமா வந்தோம். இவன் எனக்க மச்சினன் பிரபின்."

லுங்கி கட்டிய ஒருவன் டிரைவர் சீட்டிலிருந்து தலையாட்டினான். வெங்குவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"எதுக்கு வந்தீர்?"

தாசையன் தலையைச் சொறிந்தான்.

"முன்சக்கரத்துக்குப் போற ப்ரொப்பல்லர் ஷாஃப்டை நான் கழட்டி வச்சிருந்தேன். அது இல்லேன்னா டீசல் மிச்சம் ஆகும், பாத்துக்கிடுங்க. லிவர் விழும், ஆனா முன்சக்கரம் இழுக்காது. ராத்திரி எனக்க பெண்டாட்டி அம்மிணிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவ கரண்டியத் தூக்கிட்டா! 'அந்த மனுஷன் மலையில உருண்டு செத்தா, அந்தப் பாவம் எனக்க பிள்ளைக தலையிலதான் விழும்'னா. ரெண்டு தடவை போன் போட்டேன். நீங்க கேக்கல்ல. கடைக்குப் போனா பூட்டிக் கிடந்துது, அதான் நீங்க சொன்ன எஸ்டேட் பாதைக்கே வந்துட்டோம்."

"திருட்டு ராஸ்கல்!"

"சரிதான் சாரே. ஷாஃப்டு கொண்டுவந்திருக்கேன். இப்பவே மாட்டிருதேன்."

வெங்கு யோசித்தான். பிணம் இருப்பது மேலே. இவன் போகப் போவது அடியில். போகட்டுமே!

"சீக்கிரம் ஓய்!"

தாசையன் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பானர் சத்தம் கேட்டது.

திடீரென்று நின்றது.

"சாரே... ஆயில் லீக்கு போல. மூஞ்சில சொட்டுது."

வெங்கு பின்னால் இருந்த தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தான்.

"மழைத் தண்ணியா இருக்கும்..."

"இல்ல சாரே. சிவப்பா இருக்கு."



ஜீப்பின் துருப்பிடித்த தரையில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குத் தகரம் வைத்துப் பெயின்ட் அடித்து மறைத்தது தாசையன்தான். வந்த குலுக்கலில் தகரம் பிய்ந்து தொங்கியது. எங்கிருந்து சொட்டுகிறது என்று ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினான்.

சில்லென்று ஏதோ பட்டது.

ஐந்து விரல்கள்!

"ஐயோ... கர்த்தாவே! ஆளு! உள்ள ஆளு கிடக்கு!"

வெங்கு வீல் ஸ்பானரை எடுத்துவிட்டான். வெளியே துடித்த கால்களைப் பார்த்து ஓங்கினான்.

ஒரு கை பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது.

"விடுடா! ஒர்க்‌ஷாப் நாயே!"

"ஒர்க்‌ஷாப்பு அத்தானுக்கு. இந்த வண்டிக்க டிரைவர் நான்தான். கான்ஸ்டபிள் பிரபின். லீவுல லுங்கிதான் கட்டுவேன், சாரே."

ஸ்பானர் சேற்றில் விழுந்தது. வெங்குவும் விழுந்தான். சலவை வேஷ்டி கழுத்துவரை சேறாயிற்று.

பிரபின் தார்ப்பாயை விலக்கினான். நம்பியின் திறந்த கண்களில் மழை விழுந்துகொண்டிருந்தது. தாசையன் தன் தோள் துண்டை எடுத்து அந்த முகத்தை மூடினான்.

கட்டி இழுக்கக் கொண்டுவந்த கயிற்றால் வெங்குவின் கைகளைக் கட்டினார்கள்.

"ஏமாத்திட்டியேடா பாவி!" வெங்கு அலறினான். "எல்லாம் பாத்துத்தானே வாங்கினேன்! அந்த ஷாஃப்டை ஏண்டா கழட்டினே?"

தாசையன் முகத்தில் வழிந்த சிவப்பைத் துடைத்தபடி போலீஸ் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

"டீசல் மிச்சம் பிடிக்கத்தான் சாரே. ஏறுங்க... இனி உங்களுக்கு டீசல் செலவே இல்ல. போக்குவரத்து எல்லாம் சர்க்கார் வண்டியிலதான்!"