பொத்தான் தைத்த கைக்குட்டை

காலை ஏழு நாற்பத்திரண்டு ரயிலுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மூடுபனியில் பிளாட்பார விளக்குகள் மங்கித் தெரிந்தன. நனைந்த ஜல்லியின் வாடையும் துருவின் வாடையும் கலந்து வந்தன.

"நீ டிக்கெட் எடுத்துட்டு வா. என் முட்டி படியேறி முடிக்கிறதுக்குள்ள ரயிலே போயிடும், நான் முன்னால போறேன்," என்றாள் அம்மா. மகளுக்குச் சட்டைக் கம்பெனியில் இன்றுதான் முதல் நாள். அம்மா அங்கே பதினாறு வருடமாகக் காலர் தைக்கிறாள்.

"பாலம் ஏறித்தான் வரணும். தெரியுதா?"

"பத்தாவது தடவை சொல்லிட்டம்மா."

சொல்லாமல் என்ன செய்வாள்? மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில்தான் அம்மாவின் தோழி போய்ச் சேர்ந்தாள். பொத்தான் தைப்பவள் என்பதால் கம்பெனி முழுக்க அவளுக்குப் பெயரே பொத்தான். முதலில் ஏறுகிறவள் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு மற்றவளுக்கு இடம் பிடிக்க வேண்டும் என்பது இருவருக்குள்ளும் ஏற்பாடு. வேறு எவளும் உரிமை கொண்டாடக் கூடாதென்று அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தானையும் தைத்து வைத்திருந்தாள் அந்த மகராசி.

ரயிலின் மறுபக்கக் கதவில் தொற்றி ஏறிவிடலாம் என்று தினமும் நாலு பேர் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பார்கள். அன்று பொத்தானும் இறங்கினாள். நிற்காமல் போகும் விரைவு ரயில் வந்துவிட்டது. "அவளாத்தான் இறங்கினா," என்று விசாரித்தவர்களிடம் அம்மா சொன்னாள். கைக்குட்டையைப் பொத்தானின் விரல்களுக்குள் வைத்து மூடிச் சுடுகாட்டுக்கு அனுப்பியதும் அம்மாதான்.

இப்போது பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றாள் அம்மா. கீழே இரண்டாவது பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

"பாலம் வேணாம்டி. குறுக்க வந்துடு. இடம் போட்டிருக்கேன்."

அவளுடைய சொந்தக் குரல்.

ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது. அன்று பொத்தானைப் பார்த்து அவள் கத்திய அதே வார்த்தைகள்.

எட்டிப் பார்த்தாள். முதல் பிளாட்பாரத்தின் விளிம்பில் மகள் உட்கார்ந்து, தண்டவாளத்தின் பக்கம் கால்களைத் தொங்கவிட்டிருந்தாள். எதிர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பனிக்குள் விரைவு ரயிலின் ஊதல் கேட்டது.

"இறங்காதடி!"

மகள் நிமிரவில்லை. அவளுக்குத்தான் அம்மா எதிரிலேயே இருக்கிறாளே.

பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஜன்னலை நோக்கி அலறினாள் அம்மா. "பொத்தான்! நான்தான்டி உன்னைக் கூப்பிட்டேன். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு!"

பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரைவு ரயில் தடதடவென்று கடந்தது. அது போய் முடிகிற வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மகள் பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடந்தாள். முட்டி வலியை மறந்து விழுந்தடித்து இறங்கி ஓடி, அவளை வாரி எடுத்தாள். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை.

"யாரோ நெஞ்சுல கை வச்சுப் பின்னால தள்ளினாங்கம்மா," என்று கிசுகிசுத்தாள் மகள். பிறகு மூடியிருந்த கையைப் பிரித்தாள்.

ஈரமான கைக்குட்டை. மூலையில் சிவப்புப் பொத்தான்.

"இதை உங்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. நாளைக்கு உனக்கு இடம் போட்டு வைக்கிறாங்களாம்."