அறுபதாவது சீட்

"வீல்...ல்ல்!"

பின்பக்க மாடிப்படியிலிருந்து வந்த அலறல், அட்மிஷன் ஆபீஸையே உலுக்கியது.

கிளார்க் ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஆபீஸில் அவருக்குப் பெயர் 'சமாதானம்'. அழுதுகொண்டே போன் செய்யும் பெற்றோரைக்கூட இரண்டே நிமிடத்தில் குளிர வைத்துவிடுவார்.

படிக்குக் கீழே, பெருக்கும் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவள் காலடியில்...

பதினெட்டு வயதுப் பையன். தலையைச் சுற்றி ரத்தம். மூச்சு இல்லை!

சமாதானம் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ... இவன் அறுபதாவது பையனாச்சே!"

அரை மணியில் போலீஸ் வந்தது.

"அதென்ன அறுபதாவது?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"கால்நடை டாக்டர் படிப்புக்கு மொத்தமே அறுபது சீட் மேடம். அம்பத்தொம்பது பேர் நேத்தே ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கொடுத்துட்டாங்க. பாக்கி இவன் ஒருத்தன்தான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுத்தாகணும்."

"கொடுக்கலேன்னா?"

"சீட் போச்சு! வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற யாருக்காவது போயிடும்."

ஏட்டு படியிலிருந்து குரல் கொடுத்தார். "மேடம்! பர்ஸ் இருக்கு... போன் இருக்கு... பையோட வார் அறுந்திருக்கு. ஃபைலை மட்டும் காணோம்!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"அப்ப திருட வந்தவன் இல்ல. இவனோட அஞ்சு மணியைக் கெடுக்க வந்தவன்! கிளார்க் சார், இந்தக் கெடு யாருக்கெல்லாம் தெரியும்?"

"வெயிட்டிங் லிஸ்ட்ல நாப்பத்தோரு பேர் மேடம். எல்லார் வீட்டுலேர்ந்தும் போன் பண்ணிக் கேட்டாங்க... சொன்னேன்."

"பேஷ்! ஊரைக் கூட்டித்தான் சொல்லியிருக்கீங்க."

உடல் பின்வாசல் வழியாகப் போனது. ஜீப்பைக் கட்டடத்துக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் பீரோவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்; பக்கத்தில் ஏட்டு.

"யார் வந்து கேட்டாலும், பையன் இன்னும் வரலேன்னு மட்டும் சொல்லுங்க. முகத்துல எதையும் காட்டாதீங்க!"

நான்கு பத்து.

தேய்த்த சட்டையும் அகலச் சிரிப்புமாக ஒருவர் கவுண்டருக்கு வந்தார்.

"போன்ல பேசினேனே சார்... பொண்ணோட அப்பா. வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்துட்டு நேரா வர்றோம். வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்கா."

சமாதானம் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கே சார். பையன் வந்துட்டான்னா...?"

"வரமாட்டான்."

"பஸ் கிஸ் லேட்டாயிருக்கும்..."

"ஃபைல் இல்லாம வந்து என்ன சார் பண்ணப் போறான்?"

சொன்ன பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

பீரோவுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

காக்கியைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு செத்தது.

"தள்ளல மேடம்! சத்தியமாத் தள்ளல! இன்னிக்கு ஃபைலோட வந்தது இவன் ஒருத்தன்தான்... அதைத்தான் இழுத்தேன். உயிரே போற மாதிரி பிடிச்சுக்கிட்டான்... வார் அறுந்து உருண்டுட்டான். எழுந்துடுவான்னு ஓடிட்டேன். ஃபைலை ரெண்டு நாள்ல தபால்ல அனுப்பலாம்னுதான்... பத்திரமா வெச்சிருக்கேன் மேடம்!"

"அவன் எழுந்திருக்கல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மெல்லக் கேட்டார்...

"அப்ப... சீட்?"

ஏட்டே அதிர்ந்து போனார்!

"சார், நீங்க வாயைத் திறங்க!" அந்த அப்பா சமாதானத்தின் பக்கம் திரும்பினார். "அவன் ஒருத்தன் தரலேன்னா அடுத்தது உங்க பொண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"லிஸ்ட்ல இவர் பொண்ணுதான் முதலா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சமாதானம் நெற்றியைத் துடைத்தார்.

"லிஸ்ட்ல முதல், ரெண்டுன்னெல்லாம் கிடையாது மேடம். சீட் காலியானா கமிட்டி கூடி, நாப்பத்தோரு பேர்ல யாரை வேணும்னாலும் எடுக்கும்."

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான்... நீங்கதான் அடுத்ததுன்னு சொன்னா, சந்தோஷமா போனை வெச்சிடுவாங்க."

"நாப்பத்தோரு பேர்கிட்டயுமா?"

சமாதானம் மேஜை மேலிருந்த லிஸ்ட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பெஞ்சிலிருந்த மகள், 'கிடைச்சுடுச்சாப்பா?' என்று சைகையில் கேட்டுச் சிரித்தாள்.

"இவரை ஏத்துங்க ஏட்டு. கிளார்க் சார், நீங்களும் கிளம்புங்க."

"நானா? ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னது குத்தமா மேடம்? வாக்குமூலம்தானே... நாளைக்கு வந்து எழுதித் தரட்டுமா?"

"இப்பவே ஏறுங்க. எங்க ஸ்டேஷன்ல வெயிட்டிங் லிஸ்ட்டே கிடையாது சார்... வர்றவங்க எல்லாருக்கும் சீட் உண்டு!"