பிச்சைக்கனியின் பார்சல்

"பார்சலக் கொடுத்தாச்சுன்னு கூரியர் ஆபீஸ்ல சொல்லுகான். யாருட்ட கொடுத்தேன்னு கேட்டா போனக் கட் பண்ணிருதான் ஐயா."

ஸ்ரீவராகத்தில் சிவதாணுவின் முன்னறையில் நாற்காலி கிடந்தும் முத்தாரம்மாள் நின்றுகொண்டேதான் பேசினாள். சிவதாணு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டி எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருக்கும் வக்கீல் ஜெஸ்லின் வழக்கில்லாத நாட்களில் அவருக்குத் துணை. வழக்கில்லாத நாட்களே அவளுக்கு அதிகம்.

"பார்சல்ல என்னம்மா இருந்துச்சு?"

"எம் மவன்."

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஜெஸ்லின் எழுதுவதை நிறுத்தினாள்.

மகன் பிச்சைக்கனி குஜராத்தில் கட்டட வேலையில் மாடியிலிருந்து விழுந்து இறந்திருந்தான். உடலை ஊருக்கு அனுப்பக் காண்ட்ராக்டர் கைவிரித்துவிட்டார். அங்கேயே மின் மயானத்தில் எரித்து, கூட வேலை பார்த்தவன் அஸ்தியைக் கூரியரில் போட்டான். நாளை பதினாறாம் நாள். கன்னியாகுமரிக்குப் போய்க் கடலில் கரைக்க வேண்டும்.

"மொகத்தையும் பாக்கல. அதையாவது எங் கையால கரைச்சிருதேன். கண்டுபிடிச்சுத் தாங்கய்யா."

ஜெஸ்லின் கூரியர்காரர்களின் உதவி எண்ணுக்கு அடித்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று இயந்திரம் மூன்று மொழிகளில் படுத்தி எடுத்தது. கடைசியில் ஒரு பெண் குரல், பார்சல் ஒப்படைக்கப்பட்டது, படம் இருக்கிறது, புகார் முடிக்கப்பட்டது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. இத்தனை இனிமையாகப் பேசிக் கழுத்தறுக்க எங்கேதான் சொல்லிக்கொடுக்கிறார்களோ!

படத்தையும் டெலிவரி ஆளின் எண்ணையும் போனில் அனுப்பினார்கள். முத்தாரம்மாளின் வாடகை அறை, நீலக் கதவு, சாத்தியிருந்தது. கீழ் ஓரத்தில் கழற்றி வைத்த ஒரு ஜோடி ஷூ. வலது ஓரத்தில் முருங்கைக் கிளை, அதில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் சாக்கு.

"பார்சலே இல்லையே சார்!" என்று ஜெஸ்லின் துள்ளினாள். "கதவ மட்டும் படம் புடிச்சிட்டு ஆள் அமுக்கிட்டான். போலீசுக்குப் போவோம்."

"ஷூ யாரோடது?"

"எங்க வீட்டுல ஷூ போட யாருய்யா இருக்கா?" என்றாள் முத்தாரம்மாள். "நேத்து நான் வாசல்லயேதான் கெடந்தேன். காலையில தண்ணி வந்துச்சுன்னு பைப்படிக்கு மட்டும் போனேன்."

மூவரும் அவள் வீட்டுக்கு நடந்தார்கள். முருங்கையில் இப்போது எதுவும் தொங்கவில்லை. மலையாளி வீட்டுக்காரரின் மகள் ஷாலு எட்டிப் பார்த்தாள்.

"இதுல தொங்குன சாக்கு எங்கம்மா?" என்று கேட்டார் சிவதாணு.

"பிளாஸ்டிக் எடுக்கிற சேச்சிமார் நேத்து உச்சைக்கு, ஒரு பன்னெண்டு மணிக்குக் கொண்டுபோனாங்க அங்கிள். எல்லா மாசமும் வருவாங்க. கழுவி வெயில்ல உணக்கி மரத்துல தூக்கிட்டா, ஆளில்லன்னாலும் எடுத்துப்பாங்க."

சிவதாணு போனில் இருந்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்த டெலிவரி ஆளக் கூப்பிடு," என்றார்.

டெலிவரிக்காரன் வன்னியராஜ் முதுகுச் சுமையோடு பைக்கில் வந்து இறங்கினான். ஜெஸ்லின் பாயப் போனாள். சிவதாணு கையமர்த்தினார்.

"திருடன் பார்சல வாசப்படியில வச்சுப் படம் எடுத்துட்டுத்தான் தூக்கிட்டுப் போவான். இவன் வைக்கவே இல்ல. நாள் முழுக்க வாசல் வாசலா ஏறுறவனுக்கு ஷூவக் கழட்ட ஏது நேரம்? ஆனா கழட்டியிருக்கான். அட்டையில அஸ்தின்னு தமிழ்ல எழுதியிருந்ததப் படிச்சிருக்கான். அஸ்திய வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது, தரையில வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச நம்ம ஊர்ப் பையன். அப்ப எங்க வைப்பான்?"

வன்னியராஜின் கண் மரத்துக்குப் போனது. "முருங்கையிலதான், அந்தச் சாக்குக்கு அந்தப் பக்கமா கட்டுனேன் ஐயா. மழையில நனையக் கூடாதுன்னு கவர்ல போட்டுக் கட்டுனேன். கதவத் தட்டுனேன், ஆளில்ல. அட்டையில இருந்த நம்பருக்கு அடிச்சேன், சுவிட்ச் ஆஃப்."

"அது எம் மவன் நம்பருய்யா," என்றாள் முத்தாரம்மாள்.

அவன் தலை குனிந்தான். "கொடுத்தாச்சுன்னு போடலன்னா திருப்பி அனுப்பிருவாங்க. அந்தப் பெட்டிய மறுபடியும் குஜராத்துக்கு அனுப்ப மனசு வரலம்மா."

அவள் திட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "நானும் அங்கதானய்யா கட்டியிருப்பேன்," என்றாள்.

"அப்ப, அந்தச் சாக்கோட சேர்ந்து..." என்று ஜெஸ்லின் தொடங்கும்போதே சிவதாணு தெருவில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில், நேற்று சாக்குகளை எடுத்துவந்த சரோஜம் இருந்தாள். மடக்கிய அட்டைகளுக்கு நடுவே பிச்சைக்கனியின் பெயர் ஒட்டிய அட்டை கிடைத்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டப்பா ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அழுக்கோட இருந்தா லாரிக்காரன் எடுக்க மாட்டான் சாரே," என்றாள் சரோஜம். "உள்ள சாம்பல்தான் இருந்துச்சு. வாழைக்கு நல்லதாச்சேன்னு பின்னால வாழை மூட்டில, அடியில தட்டினேன். எந்தா, அது வேணுமாயிருந்ததா?"

முத்தாரம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சரோஜத்துக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த வாழையிலம்மா?" என்றாள் முத்தாரம்மாள்.

"ஓர்மையில்லையே சேச்சி. ஏதோ ஒண்ணுல."

கொட்டகைக்குப் பின்னால் வேலி வரைக்கும் வாழைகள் நின்றன. முந்தின இரவு நல்ல மழை. முத்தாரம்மாள் சிவதாணுவிடம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சியள்லா ஐயா? எம் புள்ள எந்த மூட்டுல கெடக்கான்னும் சொல்லுங்க."

சிவதாணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வாழையின் அடியிலும் குனிந்து பார்த்தார். எங்கும் ஒரே கறுப்புச் சேறு.

"தெரியலம்மா," என்றார்.

முத்தாரம்மாள் முதல் வாழையடியில் உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த வாழைக்கு நகர்ந்தாள்.