பெயர் மாறிய கருவி

“என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழத் தொடங்கினாள். பக்கத்தில் அவள் கணவர், மருத்துவமனையின் கணினித் துறைத் தலைவர். தம்பிக்கும் அங்கேதான் வேலை.

நோயாளி ஒருவரின் ரத்த வகை கணினியில் மாறியிருந்தது. தவறான ரத்தம் ஏற்றி ஆள் போய்விட்டார். மறுநாள் மதியம், அதை மாற்றியது யார் என்ற தடயத்தை யாரோ அழித்துவிட்டார்கள். அழித்தது தம்பியின் கணக்கிலிருந்து. பாவம், அவன் இப்போது லாக்கப்பில்.

துப்பறிவாளரை எல்லோரும் ‘பொறுமை’ என்பார்கள். உதவியாளர் ‘பட்டாசு’. நாற்பத்தைந்து வயதிலும் அந்த அம்மாளால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

“வைரஸ் தடுப்பான் ஏன் சார் சும்மா இருந்துச்சு?” என்றாள் பட்டாசு.

“வெளியில இருந்து வந்த நிரல்னா கத்தும். அழிச்சது கணினியோடவே வர்ற கட்டளைக் கருவி. வீட்டு ஆளை யார் சந்தேகப்படுவா?”

“அதுக்குத்தான் போன மாசமே அந்தக் கருவியை எல்லாருக்கும் தடை பண்ணினேன். பேரைப் பார்த்தே நிறுத்திடும். அதையும் மீறிட்டானே!” என்றார் கணவர்.

பொறுமை மூன்று நாளாகக் கணினிப் பதிவுகளைத் துழாவினார். நான்காம் நாள் தம்பதியையும், தம்பியோடு வேலை செய்யும் பெண்ணையும் வரவழைத்தார்.

“கருவியை நகலெடுத்து, பேரை மாத்தி ஓட்டியிருக்காங்க. ஆனா கோப்புக்குள்ள பழைய பேர் அப்படியே இருக்கு.”

“அப்ப தம்பிதான் கில்லாடி!”

“பட்டாசு, வெடிக்காதே. தம்பி கணக்குக்குத் தடையே கிடையாது. தினமும் காப்புப் பிரதி எடுக்க அந்தக் கருவி வேணும். அதனால அவரும் கூட வேலை செய்யிற இந்தம்மாவும் கமுக்கமா விலக்கு போட்டுக்கிட்டாங்க.”

“தலைவர்கிட்ட சொன்னா திட்டுவார் சார்,” என்று அந்தப் பெண் தலைகுனிந்தாள்.

“திறந்து கிடக்கிற கதவுக்கு யாராவது கள்ளச்சாவி போடுவாங்களா? இவங்க ரெண்டு பேரும் பேரை மாத்தவே வேண்டியதில்ல. தடை இருக்குன்னு நம்பினவர்தான் மாத்தியிருக்கணும். எல்லார் கடவுச்சொல்லும் மூடின உறையில தலைவர் மேசையிலதானே இருக்கு? நேத்து உறையைப் பார்த்தேன். தம்பியோடது மட்டும் பிரிச்சு ஒட்டியிருக்கு.”

கணவரின் முகம் வெளிறியது. “பழைய பதிவுகளைப் புதுக் கணினிக்கு மாத்துறப்போ நான் பண்ணின தப்பு. வேணும்னு செய்யலை. வெளியே தெரிஞ்சா குடும்பமே தெருவுக்கு வந்துடும்னு பயந்துட்டேன்...”

மனைவி அழவில்லை.

“தினமும் லாக்கப்புக்கு நீங்கதானே அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனீங்க? எப்படிங்க அவன் முகத்தைப் பார்த்தீங்க?”

அவள் எழுந்து, தம்பியை அழைத்துவரப் புறப்பட்டாள்.