புளியங்கொட்டைக் கோபுரம்

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று வீட்டில் தங்கியவர்கள் யாருமில்லை. அதற்குக் காரணம் சம்பூர்ணம் டீச்சர்தான். அவர் கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிடுவார். வகுத்தலுக்குக் கூழாங்கல் வரும். பின்னத்துக்கு வாழைப்பழம் வரும். பாடம் முடிந்ததும் பின்னமெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவை ஒட்டி இருந்தது அந்தப் பள்ளி. பட்டுத் தறிகளின் சத்தம் சன்னல் வழியாக வகுப்புக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வாரம் டீச்சர் கொண்டுவந்தது கண்ணாடி ஆட்டம். இரண்டு இரண்டு பேராகத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே நடுவில் ஒரு சாக்பீஸ் கோடு. ஒருவர் தன் பக்கத்தில் புளியங்கொட்டைகளால் ஓர் உருவம் வைப்பார். மற்றவர் அதையே கண்ணாடியில் தெரிவது போலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். கடைசியில் டீச்சர் ஒரு சின்னக் கண்ணாடியைக் கோட்டின் மேல் நிறுத்திச் சரிபார்ப்பார்.

எல்லோரும் விழுந்து விழுந்து ஆடினார்கள். குமாரவேல் மட்டும் ஆடவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் குமாரவேலின் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவன் வகுப்பில் வாய் திறப்பதில்லை. சிலேட்டில் ஒரு கணக்கும் போடுவதில்லை. கண்ணாடி ஆட்டத்திலும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அவனோடு ஜோடி சேர்ந்தவள் பெரியநாயகி. அவள் சன்னல் காற்றுக்காக வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அவன் இடப்பக்கம். மயில், மீன், மாங்காய் என்று அவள் எதை வைத்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் தரைதான் இருந்தது.

முதல் நாள் அவளுக்குக் கோபம் வந்தது. அன்று மாலை குமாரவேலின் அம்மா காமாட்சியம்மாள் வகுப்பு வாசலுக்கு வந்தார். அவர் டீச்சரிடம் பேசியது சன்னலோரம் இருந்த பெரியநாயகியின் காதில் விழுந்தது.

"இங்க சும்மா குந்திக்கினு இருக்கிறதுக்கு, எங்கனா ஒரு தறியிலயாவது குந்தட்டும்மா. அவங்க சித்தப்பா எடம் பாத்து வெச்சிருக்காரு."

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கும்படி டீச்சர் கேட்டுக்கொண்டார். காமாட்சியம்மாள் தலையசைத்தார். பெரியநாயகியின் கோபம் போன இடம் தெரியவில்லை. போன வருடம் வகுத்தல் வராமல் அவள் அழுதபோது, சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தவன் குமாரவேல் ஒருவன்தான். அவன் பள்ளியை விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை அவன் சிலேட்டை மறந்துவிட்டுப் போனான். அதைக் கொடுக்க அவள் அவன் வீட்டுக்குப் போனாள். பெரியநாயகியின் அப்பா வாலாஜாபாத் பக்கத்து விவசாயி. நகரத்து அரிசி மண்டியில் வேலை கிடைத்து வந்தவர். அதனால் அவள் தறியைத் தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தறி ஓடவில்லை. பாதி நெய்த சேலையை ஒரு வெள்ளை வேட்டியால் மூடி வைத்திருந்தார்கள். காமாட்சியம்மாள் வேட்டியை விலக்கிக் காட்டினார். அரக்கு நிறச் சேலை. இரண்டு கரையிலும் சின்னச் சின்னக் கோபுரங்கள். இந்தக் கரைக் கோபுரமும் அந்தக் கரைக் கோபுரமும் நுனியை உள்பக்கம் நீட்டிக்கொண்டு ஒன்றையொன்று பார்த்தன.

இதை எப்படி நெய்வார்கள் என்று பெரியநாயகி கேட்டாள். இப்படிப்பட்ட சேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார் காமாட்சியம்மாள். இடப்பக்கம் உட்காருகிறவர் சேலையின் உடலையும் இடது கரையையும் நெய்வார். அவருக்கு வலப்பக்கம் உட்காருகிறவர் வலது கரைக்கான நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார்.

"எப்பவும் அவங்க அப்பா இடப்பக்கம், இவன் வலப்பக்கம். இப்ப நீயே அப்பா எடத்துல குந்திப் பழகுடான்னா, மாட்டேங்கறான். அது அப்பா எடம்னு அதை மட்டும்தான் சொல்றான்."

குமாரவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியநாயகி பாதித் தெருவில் நின்றுவிட்டாள். இத்தனை நாளாக அவனை இடப்பக்கம் உட்கார வைத்தது யார்? சன்னல் காற்று கேட்ட இவள்தான்.

வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பு தொடங்கியதும் அவள் சன்னலோரம் போகவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த குமாரவேலின் எதிரே வந்து நின்றாள். அவளுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. அவன் அழுதுவிட்டால் என்ன செய்வது?

"நான் இந்தப் பக்கம் குந்தட்டுமா, குமாரவேலு?" என்று மெதுவாகக் கேட்டாள். "உங்கப்பா மாதிரி எனக்கு வராது. மொதல்ல வைக்க ஒரு ஆளு வேணுமே, அதுக்குத்தான். நீ வழக்கம்போல அந்தப் பக்கம் இரு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, நகர்ந்து, வலப்பக்கம் உட்கார்ந்தான்.

பெரியநாயகி மயிலும் வைக்கவில்லை, மீனும் வைக்கவில்லை. கோட்டின் இடப்பக்கம் ஒரு வரிசை புளியங்கொட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அதை ஒட்டி இன்னும் கொஞ்சம் சின்ன வரிசை. கோபுரம் படுத்துக்கொண்டு, நுனியைக் கோட்டை நோக்கி நீட்ட ஆரம்பித்தது.

குமாரவேலின் கை மடியிலிருந்து எழுந்தது.

அவள் ஒரு வரிசை வைத்தாள். அவன் ஒரு வரிசை வைத்தான். அவள் வைத்தாள், அவன் வைத்தான். வெளியே யாருடைய வீட்டுத் தறியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் கை நிற்கவில்லை. அவளும் அதைப் பார்க்காதது போல் இருந்துகொண்டாள். அந்த நேரத்தில் பெரியநாயகிக்கும் அழுகை வந்தது, ஆனால் கொட்டை எண்ண வேண்டியிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

வாசலில் காமாட்சியம்மாள் வந்து நின்றார். மகனைக் கூட்டிப்போக வந்தவர் டீச்சரைக்கூடக் கூப்பிடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கோபுரமும் நுனி வரை வந்தன. குமாரவேல் தன் பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"உன் கரையில ஒரு கொட்டை கொறையுது," என்றான்.

வகுப்பில் அத்தனை பேரும் ஆடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சம்பூர்ணம் டீச்சர் கண்ணாடியைக் கொண்டுவந்து கோட்டின் மேல் நிறுத்தினார். அவன் சொன்னது சரிதான். மூன்றாவது வரிசையில் ஒன்று குறைந்தது. அதை அவள் வேண்டுமென்றே விட்டாளா, எண்ணத் தவறினாளா என்று அதே வகுப்பில் படித்த நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் சொல்லவில்லை.

காமாட்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடம் வுட்டதும் நேரா வூட்டுக்கு வந்துடுபா," என்று மகனிடம் சொல்லிவிட்டு, தனியாகத் திரும்பி நடந்தார்.

பெரியநாயகி ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் குறைந்த இடத்தில் வைத்தாள். குமாரவேல் கையில் கொட்டைகளை அள்ளிக்கொண்டு, அவள் அடுத்த கோபுரத்தைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தான்.