உறை கொடுக்க வந்த சம்பந்தி

வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே மண்காட்டியையும் வைத்திருந்தார்கள். அதன் நெற்றியில் குங்குமம். ஊதுகுழாயைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை.

"நிச்சயத்துக்கு வந்தமா, ஆயுத பூஜைக்கு வந்தமான்னு தெரியலீங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் மனைவி தமயந்தி மட்டும் அளவாகச் சிரித்தாள். இன்று அந்த வீட்டில் எல்லோரும் அவளைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

மண்காட்டியில் ஊதினால் போதும். மூச்சில் கலந்து வரும் வாயுக்களை முகர்ந்து, குடலில் எத்தனை வகை நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று அது சொல்லிவிடும். அந்த எண்ணுக்கு வகையெண் என்று பெயர். உயிருள்ள மண்ணில் விளைந்த கீரையோடும் கிழங்கோடும் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் வந்து சேர்பவை அவை. மண் செத்தால் வரத்தும் நின்றுவிடும். ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்த வீடுகள் இப்போது வகையெண் கேட்கின்றன. எண்ணூறு இருந்தாலே கௌரவம். தமயந்திக்கு ஆயிரத்துக்கு மேல்.

மணப்பெண் தாரகைக்கு இருநூறுகூட இல்லை. இருபத்து நான்கு வயதில் அவளால் முழுச் சோறு சாப்பிட முடியாது. ஆபீசுக்குப் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோவாள். பக்கத்து நாற்காலிக்காரனான சேரலாதன், "தினமும் என்னங்க அது, ரகசியமா ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டதில்தான் அவர்கள் காதலே தொடங்கியது.

மருந்து ஒன்றுதான். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, வளமான குடலிலிருந்து எடுத்த உயிர்களை மாத்திரையாக்கி நலிந்த குடலில் சேர்க்க வேண்டும். குடலுறை என்பார்கள். மருமகளுக்கு மாமியார் உறை கொடுப்பது இப்போதெல்லாம் கல்யாணச் சடங்காகவே ஆகிவிட்டது. கொடுப்பவர் உறை எடுக்கும்வரை வெளிச் சாப்பாடு தொடக்கூடாது. அதனால்தான் தமயந்தியின் காலடியில் வீட்டுச் சமையல் நிரம்பிய ஒரு தூக்குப்போசி இருந்தது.

"மொதல்ல நீங்க ஊதுங்க சம்பந்தி" என்றாள் தாரகையின் அம்மா வசுமதி. கணவர் இறந்தபின் பள்ளிக்கூட வேலை பார்த்து மகளை வளர்த்தவள். "அப்புறம் தாரகை. இந்த மெஷின்ல போன மாசம் புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்களாம். எந்த வயல்ல வெளைஞ்சதைச் சாப்பிட்டோம்னு புல எண்ணோட சொல்லுதாம்!"

தமயந்தி ஊதினாள். தாரகையும் ஊதினாள். வசுமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தாள்.

"தமயந்தி, ஆயிரத்து நூத்தியெட்டு. அம்மாடி! வயல், கரட்டுப்புதூர், இருநூத்திப் பதினாலு ஆ. பதினஞ்சு சென்ட்டு." விரல் கீழே இறங்கியது. "தாரகை, நூத்தி முப்பத்தொண்ணு. வயல்... அட, இதுவும் கரட்டுப்புதூர்தான்! இருநூத்திப் பதினாலு அ. ஆறு ஏக்கர்." அவள் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை எங்களுக்கு வர்ற காய்கறிப் பெட்டி உங்க ஊர்லருந்துதான் வந்திருக்கு! இருபது வருசமா! யாருங்க சம்பந்தி அந்தத் தோட்டக்காரர்?"

நாச்சிமுத்து தம்ளரைக் கீழே வைத்தார்.

வசுமதி மறுபடியும் திரையைப் பார்த்தாள். தாரகையின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'நுரைதாங்கி உயிர்கள் மட்டும்.'

மண்ணுக்கு நுரை மருந்து அடிப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அடித்தால் பூச்சி வராது, புள்ளி விழாது, காய் கண்ணாடிபோல் இருக்கும். மண்ணுக்குள் இருக்கிற மற்றதெல்லாம் செத்துவிடும். தப்பிப் பிழைப்பவை சில முரட்டு உயிர்கள். நுரை அடித்த மண்ணோ அடிக்காத மண்ணோ, உயிர்களின் சேர்க்கை வயலுக்கு வயல் வேறு மாதிரி இருக்கும். அந்தக் கைரேகையை வைத்துத்தான் வயல் எதுவென்று மண்காட்டி கண்டுபிடித்தது.

"அ, ஆ ரெண்டும்..." வசுமதியின் குரல் இறங்கியது. "ஒரே தோட்டத்து நம்பருங்களா?"

"எல்லாரும் அடிக்கறதுதானுங்க" என்றார் நாச்சிமுத்து. "அடிக்காட்டிப் பெட்டிக்காரன் எடுக்க மாட்டான். புள்ளி விழுந்த தக்காளிய யாருங்க வாங்கறாங்க?"

"நான் வாங்க மாட்டேன்தான்" என்றாள் வசுமதி. "ரெண்டு தடவ திருப்பி அனுப்பிச்சிருக்கேன். ஆனா எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. தெரிஞ்சதாலதான பதினஞ்சு சென்ட்டு தனியா இருக்கு?"

தாரகை சேரலாதனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"வீட்டுப் பாத்தின்னு ஒண்ணு தனியா இருக்கறது தெரியும்." அவன் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எதுக்குத் தனியான்னு நான் கேட்டதே இல்ல."

"அவனைக் கேக்காத கண்ணு" என்றாள் தமயந்தி. "அப்பனையும் கேக்காத. சொன்னவ நான்தான். மொத நுரை அடிச்ச அன்னைக்கு மண்புழுவெல்லாம் மேல வந்து செத்துக் கெடந்துச்சு. இவனுக்கு அஞ்சு வயசு. புள்ளை திங்கறதுக்கு வேண்டாம், கெணத்தடியில கொஞ்சம் தனியா விடுங்கன்னு..." பிள்ளைப் பாசத்தில் செய்தது என்று இத்தனை வருடம் அவள் நினைத்திருந்தாள். எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

"அப்ப தாரகைக்கு நாலு வயசு" என்றாள் வசுமதி. கோபமில்லாமல்தான் சொன்னாள். தமயந்திக்கு முகம் எரிந்தது.

சமையலறையிலிருந்து ரசம் மணந்தது. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. வசுமதி எழுந்துபோய் மேசையில் இலை போட்டாள். தக்காளி ரசம், தக்காளிப் பச்சடி, பீர்க்கங்காய்க் கூட்டு. எல்லாம் இந்த வாரப் பெட்டியில் வந்தவை.

தமயந்தி தானாகவே போய் ஓர் இலை முன்னால் உட்கார்ந்தாள். "எனக்கும் போடுங்க. இனிமே இதைத்தான் திம்பேன். வீட்டுப் பாத்திக் காயெல்லாம் உங்களுக்கு வந்துரும். ஒரு நாளைக்கு நாங்களும் தின்னு பாக்கறமுங்க."

சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள். வசுமதி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடக் கூடாதுங்க."

"விடுங்க சம்பந்தி. இதுகூடச் செய்யலேன்னா நான் எப்படி..."

"உங்களுக்கு ஆறுதலா இருக்கும். என் பொண்ணுக்கு?" வசுமதியின் கண் கலங்கியிருந்தது. பிடி மட்டும் தளரவில்லை. "ஆயிரத்து நூத்தியெட்டும் இவளுக்கு வேணும். ஒண்ணுகூடக் கொறையக் கூடாது. உறை கொடுக்க இவளுக்கு வேற யாருமில்லைங்க. கல்யாணத்துக்கப்புறம் உங்க வீட்டுப் பாத்தியிலதான் இவ சாப்பிடணும். இல்லேன்னா உறை நிக்காது. என்னையும் சேத்து அஞ்சு பேருக்கு அது காணுமா?"

தாரகையோடு நாலு பேருக்கே இழுபறி. தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

வசுமதி அவள் விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளை, குழந்தைக்குத் துடைப்பதுபோல, ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். இலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தூக்குப்போசியைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தாள். அதிலும் தக்காளி ரசம்தான். மேலே புள்ளி விழுந்த கொத்தமல்லித் தழை மிதந்தது.

"ஆறிடப்போகுது, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டித் தக்காளி ரசத்தைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.