நெற்றியில் இரண்டாவது குழி

மழைக்கு ஒதுங்க ஓடிவந்த இருவரும் பஸ் நிறுத்தத்தில் மோதிக்கொண்டார்கள். அவனுடைய தொப்பி தெறித்துச் சேற்றில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தவள், கேட்க மறந்து நின்றுவிட்டாள்.

அந்த நெற்றி... இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னக் குழி. வலது புருவத்துக்கு மேலேயும் அச்சு அசலாக அதே குழி.

அவளுக்குத் தெரிந்த நெற்றி அது. மண்டை ஓடு உடைந்தவர்களுக்கு, உடைந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும் டைட்டேனியத் தகட்டைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவள் வேலை. ஆள் பெயர் வராது; ஸ்கேனும் ஓர் எண்ணும்தான் வரும். நல்ல பக்கத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப்போட்டு, உடைந்த பக்கத்தை நிரப்புவாள். இந்தத் தலையில் அன்று கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. இப்போது அதே இடத்தில் மழைத்தண்ணீர் வழிகிறது... முழுசாக, உயிரோடு ஒரு மனிதன் நிற்கிறான். அவளுக்கு உடம்பு சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது.

திரையில் கண்ணிருக்கும் பள்ளங்களைத்தான் பார்த்திருந்தாள். கண்களை இன்றுதான் பார்க்கிறாள். கோபக் கண்கள்... ஆனாலும் என்ன அழகு!

"பாவமா இருக்கா? நல்லா பாத்துக்கோங்க" என்றான் அவன்.

அவள் பதறிப்போய்த் தொப்பியை எடுத்து உதறி நீட்டினாள். அதில் அவன் கொஞ்சம் இறங்கிவந்தான். இடது குழி சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து வாங்கியதாம். வலது குழி ஆபரேஷனோடு இலவசமாக வந்ததாம்.

"எவனோ கம்ப்யூட்டர்ல உக்காந்து அதையும் சேத்துத் திருப்பிப் போட்டுட்டான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

அவளுக்குப் பகீரென்றது. திருப்பும் முன்பே பழைய குழியை நிரவியிருக்க வேண்டும். அலுவலகமே அந்த வடிவத்தைப் பாராட்டியது; அவளும் தலைகால் புரியாமல் திரிந்தாள். இதோ பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டால் மானம் தப்பும். ஆனால் இந்தக் கண்களை இனி எங்கே போய்த் தேடுவது? படியில் வைத்த காலை இறக்கிக்கொண்டாள்.

"எவனோ இல்ல... நான்தான்."

பஸ் போய்விட்டது. அவன் கை மெல்ல நெற்றிக்குப் போனது.

"இதை மூடினது... நீங்களா? தலைகாணியில தலை வைக்கவே பயந்துகிட்டிருந்தேங்க. இன்னிக்கு மழையில நனையறேன்."

தப்பு தன்னுடையதுதான் என்று அவள் ஆரம்பித்தாள். அவன் விடவில்லை.

"இருக்கட்டும். ஒத்தையா இருந்ததுக்கு ஜோடி சேத்துட்டீங்க. ஆமா, என் மண்டையில ஒண்ணுமே இல்லேன்னு எங்கக்கா சொல்றா. நேர்ல பாத்தவங்க நீங்க, நெசமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு உண்மையும் வந்துவிட்டது.

"நான் எலும்பைத்தான் பாத்தேன். இந்தத் தலைக்கு எப்படிப்பட்ட கண்ணு இருக்கும்னு தினமும் யோசிச்சுக்கிட்டே வேலை செஞ்சேன்... அதுலதான் குழியைக் கோட்டை விட்டுட்டேன்."

அவன் கண்ணெடுக்காமல் அவளைப் பார்த்தான். தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த பஸ் வந்து நின்றது. இருவருமே ஏறவில்லை.